பஸ் ஓடாத ஞாயிறும் அத்திப்பழமும்

ராமச்சந்திரன் ஓட்டுகிற பஸ் தன் ஸ்டாப்பில் தானாக நிற்கும் என்று நம்பி யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. இறங்க வேண்டிய இடத்துக்கு முந்தின வளைவிலேயே எழுந்து நின்று, "டிரைவர், என் ஸ்டாப்பு வருது" என்று குரல் கொடுத்துவிடுவார்கள். கொடுக்காவிட்டால் அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார். தூங்குகிறவர் இல்லை, குடிக்கிறவரும் இல்லை. அத்தனை வருஷத்தில் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடித்தது கிடையாது. கை ஸ்டியரிங்கில் இருக்கும், கண் ரோட்டில் இருக்கும். மனசு மட்டும் எங்கேயோ இறங்கிப் போயிருக்கும்.

அந்த ரோடும் அப்படிப்பட்டதுதான். ஃபிஜித் தீவில், லௌடோகாவில் கிளம்பி, பா, டவுவா என்கிற ஊர்களைத் தாண்டி, ரக்கிரக்கி வரைக்கும் போகிற கிங்ஸ் ரோடு. பஸ் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் தார்ப்பாயை இறக்கிவிட்டுக்கொள்ள வேண்டியது, மற்ற நேரமெல்லாம் காற்று உள்ளே புகுந்து வெளியே போகும். ஒரு பக்கம் கடல் எட்டிப் பார்த்துவிட்டு ஒளிந்துகொள்ளும். இன்னொரு பக்கம் கரும்பு, கரும்பு, அதன் பின்னால் நீல நிறத்தில் மலை. ரக்கிரக்கியை நெருங்க நெருங்க அந்த மலை ஒரு பெரிய மாடு படுத்து அசை போடுவது போல மெதுவாகத் தலையைத் திருப்பும். ராமச்சந்திரனுக்கு அது ஒவ்வொரு நாளும் வேறு பக்கம் திரும்புவதாகத் தோன்றும். இதை வீட்டில் சொன்னபோது ஊர்மிளா, "மலை அங்கேயேதான் இருக்கு. நீங்கதான் திரும்புறீங்க" என்றாள்.

ஊர்மிளா அவர் மனைவி. லௌடோகாவை ஒட்டின ட்ராசாவில் அவர்களுக்குத் தகரக் கூரை போட்ட வீடு, பின்னால் கொஞ்சம் நிலம், ஷலேஷ்னி என்று ஒரே மகள். ஊர்மிளா தையல் மெஷின் வைத்திருந்தாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூட யூனிபாரமெல்லாம் அவள் கையில்தான் உருவாகும். ஒன்றை நினைத்தால் அன்றைக்கே முடிக்கிறவள். பாதி தமிழும் பாதி ஹிந்தியுமாகப் பேசுவாள், அதிலும் வேகம். இவர் பேச்சோ தமிழானாலும் ஹிந்தியானாலும் பாதியில் நின்றுவிடும். சண்டை என்று பெரிதாக எதுவும் இல்லை. அவள் சொல்வதை அவர் கேட்பார், கேட்டபடியே வேறெங்கோ போய்விடுவார், அவள் அந்த வேலையைத் தானே செய்து முடித்துவிடுவாள். இப்படியே வருஷங்கள் ஓடின.

ரக்கிரக்கிக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டை ஒட்டி, நிசாமின் கரும்புத் தோட்டம் இருந்தது. வேலி ஓரத்தில் ஒரு அத்தி மரம். மரம் என்றுகூடச் சொல்ல முடியாது, ஆள் உயரத்துக்கு நான்கைந்து கிளை விட்ட புதர். கை விரித்த மாதிரி இலை. மழைக்காலம் வந்தால் அதில் சின்னச் சின்னப் பழம் கறுத்துத் தொங்கும். நிசாமின் மனைவி ஜமீலா தகர டப்பாவோடு நின்று பஸ்ஸைக் கை காட்டி நிறுத்துவாள். ஏற மாட்டாள். ஜன்னல் வழியாகப் பழத்தை நீட்டுவாள்.

"இந்தாங்க டிரைவரண்ணே. குருவி தின்னது போக மிச்சம்."

ராமச்சந்திரன் அதை ஸ்டியரிங்குக்கு முன்னால் வரிசையாக வைத்துக்கொள்வார். டவுவாவில் டீ குடிக்க நிற்கும்போது ஒவ்வொன்றாகப் பிய்ப்பார். வெளியே மைக் கறுப்பு. உள்ளே பிரித்தால் சிவப்பு, அதில் மணல் மாதிரி விதை, விதையைச் சுற்றித் தேன். வாயில் போட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் மெல்ல மெல்ல, யாரோ தூரத்தில் பாடுகிற மாதிரி, அந்த இனிப்பு வரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில் அந்தச் செய்தி ரேடியோவில் வந்தது. தலைநகர் சுவாவில் பட்டாளம் பார்லிமெண்டுக்குள் நுழைந்து, இந்தியர்கள் நிறையப் பேர் இருந்த ஆட்சியைக் கவிழ்த்துவிட்டதாம். சில மாதம் கழித்து மறுபடியும் ஒரு தடவை. கரும்புத் தோட்டங்களில் பேச்சு தணிந்துபோனது. ராமச்சந்திரனின் பஸ்ஸில் காய்கறிக் கூடைக்குப் பதிலாகப் பெட்டிகள் ஏற ஆரம்பித்தன. புது சூட்கேஸ், கயிறு கட்டிய பழைய சூட்கேஸ். ஆக்லாந்து, சிட்னி, வான்கூவர் என்று பயணிகள் பேசிக்கொண்டார்கள். லௌடோகாவில் இறங்கி நாண்டி ஏர்போர்ட்டுக்கு வண்டி மாறுவார்கள். இறங்கும்போது சிலர் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போவார்கள். சிலர் பஸ்ஸின் பக்கத் தகட்டைக் கையால் தட்டிவிட்டுப் போவார்கள்.

ஒரு நாள் ஜமீலாவும் ஏறினாள். கூடவே நிசாம், பிள்ளைகள், பெட்டிகள். அவள் கையில் மட்டும் பெட்டி இல்லை. நனைந்த சாக்கில் சுற்றிய ஒரு கிளையும், மூடி போட்ட டப்பாவும் இருந்தன. ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்து, லௌடோகா வரைக்கும் அதை மடியிலேயே வைத்திருந்தாள். இறங்கும்போது அவரிடம் நீட்டினாள்.

"ஏர்போர்ட்டுல விட மாட்டாங்களாம் அண்ணே. மண்ணுல நட்டு வைங்க. தண்ணி ரொம்ப ஊத்தாதீங்க, அழுகிடும். எங்க வாப்பா அரபியில இதை 'தீன்'னு சொல்வாங்க. நீங்க என்ன பேர் வேணா வச்சுக்குங்க."

"பேர் என்னத்துக்கு?" என்றார் அவர். கிளையையும் டப்பாவையும் வாங்கிக்கொண்டார். நிசாம் அவசரப்படுத்தினார். ஜமீலா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அது ஒரு சனிக்கிழமை. மறுநாள் பஸ் கிடையாது. அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் என்று சட்டம் போட்டிருந்தார்கள். கடை திறக்கக் கூடாது, பந்து விளையாடக் கூடாது, பஸ் ஓடக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்து பழக்கமில்லாத ராமச்சந்திரன், காலையில் எழுந்து எங்கே போவதென்று தெரியாமல் நின்றார். ஊரே சத்தம் அடங்கிக் கிடந்தது. ரோட்டில் ஒரு நாய் நடுவாக நடந்து போயிற்று. கிளையைப் பின்பக்கம் நட்டார். பிறகு டப்பாவைத் திறந்தார். பழம் அதிகம் பழுத்து, ஒன்றன்மேல் ஒன்று நசுங்கிக் கிடந்தது. அப்படியே தின்ன முடியாது. கொட்டவும் மனசு வரவில்லை.

அடுப்பைப் பற்ற வைத்தார். அதுவரை அந்த வீட்டில் அவர் தண்ணீர்கூடக் காய்ச்சியதில்லை. சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கடுகும் காய்ந்த மிளகாயும் போட்டார். இஞ்சியைத் தட்டிப் போட்டார். நசுங்கின பழத்தைக் கையால் பிசைந்து அதில் சேர்த்து, புளி கரைத்து ஊற்றி, உப்புப் போட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தார். மணம் வந்து, நிறம் இருண்டு, எண்ணெய் ஓரத்தில் பிரிந்தது. சர்ச்சிலிருந்து திரும்பி வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். ஊர்மிளா ரொட்டி போட்டு அதைத் தொட்டுத் தின்றாள். இன்னொரு ரொட்டியும் எடுத்துக்கொண்டாள்.

அப்படி ஆரம்பித்ததுதான். பின்னால் சட்டம் தளர்ந்து ஞாயிறும் பஸ் ஓடத் தொடங்கியபோது, "எனக்கு ஞாயிறு வேணாம்" என்று கம்பெனியில் சொல்லிவிட்டார். அந்த நாள் அவருக்கு அடுப்புக்கும் அத்திக்கும் என்று ஆகிவிட்டது.

ரோட்டோரத்தில் வேறெங்கே அத்தி இருக்கிறது என்று அவர் கண் தேடத் தொடங்கியது. பா ஊருக்கு வெளியே, சர்க்கரை மில் துரைமார் இருந்த ஒரு பழைய பங்களா பாழடைந்து கிடந்தது. அதன் கிணற்றடியில் ஒரு மரம். அதன் பழம் பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும். பழுத்ததா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாது. தொட்டால் காது மடல் மாதிரி மெத்தென்று இருக்கும், அடியில் இருக்கிற சின்னக் கண்ணிலிருந்து ஒரு சொட்டுத் தேன் வந்து நிற்கும், அதுதான் அடையாளம். உள்ளே வெளிர் மஞ்சள். இனிப்பு அதிகம், புளிப்பு துளியும் இல்லை. அதைப் புளி விட்டுக் கிண்டிப் பார்த்தார், எடுபடவில்லை. இரண்டாக அறுத்துத் தவாவில் நெய் தடவிக் கவிழ்த்து வைத்தார். ஓரம் பொன்னிறமாகிச் சுருண்டதும் ஏலக்காய்ப் பொடி தூவினார். ஷலேஷ்னி தட்டை வழித்துத் தின்றாள். அந்த மரத்திலும் ஒரு கிளை வெட்டி வந்து பின்பக்கம் நட்டார்.

டவுவாவில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கனடாவுக்குப் போனபோது, வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியோடு ஒரு கிளையும் வெட்டிக் கொடுத்தார். அது மண் நிறத்தில், பெரிதாக, கழுத்து நீண்டு காய்த்தது. பச்சையாகத் தின்றால் சப்பென்று இருந்தது. வெயிலில் உலர்த்தினால்தான் அதன் குணம் தெரிந்தது. வேறொரு வீட்டில், அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்து வைத்த செடி ஒன்று கிடைத்தது. எல்லா மரத்தையும்விட அதுதான் நன்றாக வளர்ந்தது. இலை அகலம், தண்டு பருமன், காயும் கொத்துக் கொத்தாக வந்தது. ஆனால் ஒன்றுகூடப் பழுக்கவில்லை. விரல் நுனி அளவு வந்ததும் எல்லாம் உதிர்ந்துவிடும். ராமச்சந்திரன் சாணம் போட்டார், சாம்பல் போட்டார், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது உதிர்த்துக்கொண்டே இருந்தது.

கடைசியில் உதிர்வதற்கு முன்னாலேயே பறித்து, நாலாக அறுத்து, மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, காயின் பால் இறங்கின அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தேங்காய் போட்டுப் பொரியல் செய்தார். வாழைப்பூ மாதிரி லேசான துவர்ப்போடு நன்றாகவே இருந்தது. யார் வீட்டுக் கிளை எங்கே என்று அவருக்கு மட்டும் தெரியும். சாயங்காலம் பின்பக்கம் போனால் "வாத்தியார் வீடு தண்ணி கேக்குது, பங்களா போதும்னுது" என்பார். ஊர்மிளா மெஷினை நிறுத்தாமலே, "மனுஷங்க சொன்னா கேக்காத காது" என்பாள்.

ஒரு தடவைதான் அவள் நிஜமாகக் கோபப்பட்டாள். அவளுடைய தம்பி சுமன் குடும்பத்தோடு நியூசிலாந்து போகிறான் என்று விருந்து வைத்தாள். ராமச்சந்திரன் தானே பாயசம் செய்வதாகச் சொன்னார். பாலைக் காய்ச்சிச் சர்க்கரை போட்டு, புதிதாகப் பறித்த பச்சைத் தோல் பழத்தை அப்படியே வெட்டிப் போட்டார். கண் எதிரிலேயே பால் திரிந்தது. தண்ணீர் ஒரு பக்கம், கட்டி ஒரு பக்கம். சுமனின் பிள்ளைகள் சிரித்தார்கள். சுமன் பெருந்தன்மையாக ஒரு வாய் குடித்துப் பார்த்து, டம்ளரைக் கீழே வைத்தான்.

எல்லாரும் போன பிறகு ஊர்மிளா சொன்னாள். "எல்லார் வீட்டுலயும் போறதைப் பத்திப் பேசுறாங்க. பாஸ்போர்ட் எடுக்கிறாங்க. இந்த வீட்டுல மட்டும்தான் பால் திரியுது."

போக மாட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. போகலாம் என்றும் சொன்னதில்லை.

ஷலேஷ்னி நர்ஸ் படிப்புப் படித்து, சிட்னிப் பக்கம் லிவர்பூலில் வேலை கிடைத்துப் போனாள். அங்கேயே கல்யாணமும் ஆயிற்று. முதல் பிரசவத்துக்கு ஊர்மிளா கிளம்பினாள். நாண்டி ஏர்போர்ட்டில் ராமச்சந்திரன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றார்.

"பின்னாலயே வந்துடுவீங்கல்ல?" என்று கேட்டாள்.

"இந்தக் காய்ப்பு முடியட்டும்" என்றார்.

அந்தக் காய்ப்பு முடிந்தது, அடுத்ததும் முடிந்தது. அவர் போகவில்லை. அவள் திரும்பவில்லை. இரண்டாவது பேரப்பிள்ளை வந்தது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் மணி அடிக்கும். முதலில் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். மழையா, மழைதான். பக்கத்தில் இருந்தபோது பேசாததைத் தூரத்திலிருந்து எப்படிப் பேசுவது என்று அவர் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கம்பிக்குள் கடல் இரைவது போல ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு ஞாயிறு அவள் தானாக ஆரம்பித்தாள். "இங்க பக்கத்து வீட்டுல ஒரு லெபனான் அம்மா இருக்கு. அது வீட்டுல அத்தி மரம், ரெண்டு மாடி உசரம். நான் வேலிக்கிட்ட நின்னு பாத்ததைப் பாத்துட்டு ஒரு கூடை குடுத்துச்சு."

ராமச்சந்திரன் நிமிர்ந்து நின்றார். "தோல் என்ன நிறம்?"

"ஊதா. ஆனா காம்புப் பக்கம் பச்சை. கோடு கோடா இருக்கு, சீலைக் கரை மாதிரி."

"உள்ளே?"

"சிவப்பு. சேமியா மாதிரி பிரிஞ்சு பிரிஞ்சு இருக்கு."

"கண்ணு திறந்திருக்கா, மூடியிருக்கா?"

"இருங்க, பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு அவள் ரிசீவரை வைத்துவிட்டுப் போனாள். அவள் செருப்புச் சத்தம் தூரத்தில் போய்த் திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டே அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சமையலறையை அவர் பார்த்ததில்லை. ஆனாலும் அவளை அந்தச் சமையலறையில் பார்த்தார். பழத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, ஊசியில் நூல் கோர்க்கிறபோது செய்வது போல ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற ஊர்மிளாவை.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள் மாறிப்போயின. அந்த லெபனான் அம்மா எள்ளும் சோம்பும் போட்டு அத்திப்பழ ஜாம் காய்ச்சுகிற விதத்தை ஊர்மிளா சொன்னாள். இவர் இங்கே செய்து பார்த்துவிட்டு, சோம்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டது என்றார். இவர் பொரியல் பக்குவத்தைச் சொன்னார். அவள் அங்கே செய்து பேரப்பிள்ளைக்கு ஊட்டினாள். வெள்ளைத் தோலில் ஒன்று, பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பாக ஒன்று, ரொட்டி வாசனை அடிக்கிற ஒன்று என்று சந்தைக்குச் சந்தை போய்த் தேடி வாங்கி, தின்று, அவருக்கு அந்த ருசியை வாயால் வர்ணித்தாள். அத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி அவர் கேட்டதில்லை.

பால் திரிந்த ரகசியத்தையும் அவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். பச்சைப் பழத்தில் இருக்கிற பால் பாலைத் திரித்துவிடுமாம். பழத்தை முதலில் நெய்யில் நன்றாக வதக்கிவிட்டால் ஒன்றும் ஆகாதாம்.

"அப்புறம், உங்க உதிர்ற மரத்தைப் பத்திக் கேட்டேன்" என்றாள் ஒரு நாள். "சில ஜாதி அத்திக்கு ஒரு சின்னப் பூச்சி கண்ணு வழியா உள்ளே போகணுமாம். போனாத்தான் பழுக்குமாம். அந்தப் பூச்சி நம்ம ஊர்ல கிடையாது. இங்கயும் எல்லா இடத்துலயும் கிடையாது."

"அப்போ மரத்து மேல குத்தமில்ல."

"இல்ல. நல்ல மரந்தான்."

அன்றைக்கு இரண்டு பேரும் சீக்கிரம் போனை வைக்கவில்லை.

இரண்டாயிரமாவது வருஷம் மே மாதம் மறுபடியும் சுவாவில் ஆட்சியைப் பிடித்தார்கள். இந்தத் தடவை துப்பாக்கியோடு போய் பார்லிமெண்டிலேயே மந்திரிகளைச் சிறை வைத்துவிட்டார்கள். நாடு முழுக்கப் பதற்றம். "வந்துடுங்கப்பா" என்று ஷலேஷ்னி போனில் அழுதாள். ஊர்மிளா அழவில்லை, "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூலையில் ஒரு நாள் காலை, ரக்கிரக்கிக்கு முன்னால், ரோட்டின் குறுக்கே ஒரு மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். கையில் கரும்புக் கத்தியோடு இளவட்டங்கள் நின்றார்கள். ஒருவன் ஏறி வந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டான். எல்லாரையும் இறங்கச் சொன்னான். பஸ்ஸில் பாதி இந்தியர்கள், பாதி ஃபிஜியர்கள். ஒரு குழந்தை அழுதது. ராமச்சந்திரனின் மனசு எங்கேயும் போகவில்லை, அன்றைக்கு மட்டும் அங்கேயே நின்றது.

பின் சீட்டிலிருந்து மெரெசெய்னி எழுந்து வந்தாள். ரக்கிரக்கிச் சந்தையில் மீன் விற்கிற பெண், கனத்த உடம்பு, பெரிய குரல். வாரத்தில் மூன்று நாள் அவர் பஸ்ஸில் ஏறுகிறவள். சாவி வைத்திருந்தவனைப் பேர் சொல்லி அழைத்து ஃபிஜியில் ஏதோ கேட்டாள். அவன் தலையைக் குனிந்தான். சாவியைத் தரவில்லை, கத்தியை மட்டும் கீழே போட்டான்.

"வா டிரைவர்" என்றாள் மெரெசெய்னி ஹிந்தியில். "பெரியவங்க வந்து பேசி முடிக்க நேரமாகும். வெயில்ல நிக்க வேண்டாம். எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா."

ரோட்டிலிருந்து உள்ளே நடந்தால் அவள் கிராமம். பாய் விரித்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். பின்பக்கம் அடுப்பில் பெரிய சட்டி ஏறியது. சும்மா உட்கார்ந்திருக்கப் பயமாக இருந்ததால் ராமச்சந்திரனும் அடுப்படிக்குப் போனார். ஒரு பெண் தேங்காய் துருவிப் பிழிந்துகொண்டிருந்தாள். தேங்காய்ப் பாலை அவர்கள் லோலோ என்பார்கள். இன்னொருத்தி ஓலைக் கூடையிலிருந்து செங்கல் நிறத்தில் சொரசொரப்பான காய்களை எடுத்துக் கழுவினாள். ராமச்சந்திரன் ஒன்றை வாங்கிப் பிரித்தார். உள்ளே அதே விதை, அதே சின்னச் சின்ன இழை.

"இது அத்தியாச்சே" என்றார், தமிழில்.

"லோசிலோசி" என்றாள் மெரெசெய்னி. "காட்டுல மரத்தோட அடிமரத்துலயே காய்க்கும்."

அவர் தாமாகவே ஒரு கத்தியை எடுத்துக்கொண்டார். இருபது வருஷமாகத் தினமும் இந்த மலையைப் பார்த்துக்கொண்டே போனவர், அதற்குள் இப்படி ஒரு அத்தி இருப்பது தெரியாமல் இருந்திருக்கிறார். மீனோடு லோலோவில் அது வேகும்போது எழுந்த மணம் வேறு எதைப் போலவும் இல்லை. மழை பெய்து ஓய்ந்த காட்டுக்குள் தனியாக நடக்கிற மாதிரி இருந்தது. அழுத குழந்தை சாப்பிட்டுவிட்டுத் தூங்கியது. சாவியைப் பிடுங்கினவன் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் சாப்பிட்டான். மாலைக்குள் பெரியவர்கள் வந்து பேசி முடித்தார்கள். சாவி திரும்பி வந்தது. ராமச்சந்திரன் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, ஒரு ஸ்டாப்புக்கூடத் தவறாமல் இறக்கிவிட்டு வீடு வந்தார்.

ஆனால் சிட்னியில் ஃபிஜிக்காரர்கள் கேட்கிற ரேடியோவில், ரக்கிரக்கிப் பக்கம் ஒரு பஸ்ஸைப் பிடித்துவைத்திருக்கிறார்கள், பயணிகள் கதி தெரியவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். ஊர்மிளா போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுநாள் செய்தாள். மழையில் ட்ராசாவில் லைன் அறுந்துபோயிருந்தது, அவருக்கே அது தெரியாது.

ஞாயிறு மத்தியானம் வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. ராமச்சந்திரன் கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். ஊர்மிளா இறங்கினாள். தலையில் நரை கூடியிருந்தது. ஒரே ஒரு சின்னப் பெட்டி.

"போனை எடுக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள்.

"அடிக்கலியே."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"பிளேன்ல வர்ற பக்கம் நானும் இன்னும் நாலு பேரும்தான்" என்றாள் பிறகு. "போற பக்கம் எள்ளு போட இடமில்லை. எல்லாரும் என்னைப் பைத்தியம் மாதிரி பாக்குறாங்க."

அவளைப் பின்பக்கம் கூட்டிப் போனார். அந்தத் தீவுக்கு ஜூலைதான் குளிர் மாதம், மரங்களில் இலை கொட்டியிருந்தது. வெறும் கிளைகள் சாம்பல் நிறத்தில் நின்றன. ஊர்மிளா ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இதுக்காகவா வராம இருந்தீங்க?"

ராமச்சந்திரன் யோசித்தார். "இதுக்காக மட்டும் இல்ல. அங்க வந்தா நான் எங்க உக்காருவேன்னு தெரியல. இங்க ரோடு இருக்கு. நான் பாட்டுக்கு நினைச்சுக்கிட்டே போகலாம். நான் நினைக்கிறதுல பாதி நீதான். பக்கத்துல இருந்தப்போ அதைச் சொல்லத் தெரியல."

வாழ்க்கையில் அவர் ஒரே மூச்சில் பேசின நீளமான பேச்சு அதுதான். ஊர்மிளா ஒரு கிளையைப் பிடித்து நுனி மொட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"பழம் எப்ப வரும்?"

"ஜனவரி."

"சரி. தின்னு பாத்துட்டுப் போறேன்."

ஜனவரியில் பழம் வந்தது. அதற்குள் அவள் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டிருந்தாள், அக்கம்பக்கத்தில் யூனிபாரத்துக்கு அளவெடுக்க ஆரம்பித்திருந்தாள். முதல் பழத்தை அவர் பறிக்கப் போனபோது, "இன்னும் கழுத்து தளரலை, நாளைக்கு" என்று கையைத் தட்டிவிட்டாள். நெய்யில் வதக்கி, பாலை ஆறவிட்டு, இருவரும் சேர்ந்து பாயசம் வைத்தார்கள். திரியவில்லை. போனில் ஷலேஷ்னி, "அம்மா, டிக்கெட் எப்ப போடட்டும்?" என்று கேட்டாள். "வாத்தியார் வீட்டுது இன்னும் பழுக்கலை" என்றாள் ஊர்மிளா. அடுத்த மாதமும் கேட்டாள். அதற்கப்புறம் கேட்பதை விட்டுவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவளே விடுமுறைக்கு வரத் தொடங்கினாள். பிள்ளைகள் காய்ப்பாலை உதட்டில் பூசிக்கொண்டு அரிக்கிறது என்று அழுதன, மறுநாள் மறுபடியும் போய்ப் பறித்தன.

புல்புல் குருவிகள் பெரிய தொல்லையாக இருந்தன. விடிவதற்குள் வந்து பழுத்ததையெல்லாம் கொத்திப் போட்டுவிடும். ஊர்மிளா ஒரு பழைய கொசுவலையை வெட்டி, சின்னச் சின்னப் பையாகத் தைத்து, வாயில் நாடா கோர்த்தாள். ராமச்சந்திரன் ஸ்டூல் மேல் ஏறி நின்று ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு பை மாட்டினார். அவள் கீழே நின்றுகொண்டு, "அது இல்ல, அதுக்கு மேல, இலைக்குப் பின்னால" என்று கை காட்டினாள்.

ட்ராசா வழியாகக் காலையில் முதல் பஸ்ஸில் போகிறவர்கள் தார்ப்பாயை ஒதுக்கிவிட்டுப் பார்ப்பார்கள். அந்த வீட்டுப் பின்பக்கம் மரமெல்லாம் வெள்ளைப் பை தொங்கும், காற்றில் லேசாக ஆடும். பக்கத்தில் ஒரு அம்மாள் நைட்டியோடு நின்று, ஒரு பையின் நாடாவை அவிழ்த்து, உள்ளே கை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, மறுபடியும் கட்டிக்கொண்டிருப்பாள்.